பெயரை நாடும் எச்சங்கள்

புக்கிட் மேராவுக்கு வடக்கே அலெக்சாண்டிரா கால்வாய் ஓடுகிறது. கற்காரைக் கரைகளுக்கிடையே ஆரவாரமின்றிச் செல்லும் அந்த நீர் கிம் செங் பாலத்தைத் தாண்டியதும் சிங்கப்பூர் ஆறு என்னும் பெயரைப் பெறுகிறது. பாலத்திலிருந்து கழிமுகம் வரை அதன் நீளம் மூன்று கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சும். காவிரிக் கரையிலோ தாமிரபரணிக் கரையிலோ பிறந்தவர்கள் இதனை ஆறு என்று ஒப்புவதற்கே சிறிது தயங்குவர். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்நகரத்தின் வாணிகம் இச்சிறு நீர்வழியை நம்பியே வளர்ந்தது.

விடுமுறை நாள்களின் காலை வேளையில் இக்கரையோரம் புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்போர் பலரைக் காணலாம். வானளாவிய கட்டடங்களையும் சுற்றுலாப் படகுகளையும் எடுத்து மகிழ்வோர் ஒரு வகையினர். பழமையைத் தேடுவோர் மற்றொரு வகையினர். படித்துறையின் தேய்ந்த கல், துருவேறிய இரும்பு வளையம், காரை உதிர்ந்த கிட்டங்கிச் சுவர் ஆகியவற்றின் முன் நெடுநேரம் நின்று, ஒளி சாயும்வரை பொறுத்திருந்து படமெடுப்பவர்கள் இவர்கள். ஆனால் ஆற்றங்கரையில் இவர்கள் தேடுவது மிகுதியாகக் கிடைப்பதில்லை. பழுதுபட்ட எதனையும் நெடுநாள் கிடக்கவிடும் வழக்கம் இந்நகரத்துக்கு இல்லை. எனவே இவர்கள் தெற்கே திரும்பிப் புக்கிட் மேராவின் கடலோரப் பகுதியை நாடிச் செல்கின்றனர். அங்கே 1927இல் திறக்கப்பெற்ற செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையத்தின் செங்கல் முகப்பு நிற்கிறது. 1913இல் திறக்கப்பெற்றபோது உலகின் இரண்டாவது பெரிய உலர்துறை எனப் பேசப்பட்ட கிங்ஸ் டாக் இருக்கிறது. கப்பல்களை ஏற்றி நிறுத்திப் பழுதுபார்த்த அந்தப் பெரும் பள்ளத்தில் இன்று செல்வர்களின் உல்லாசப் படகுகள் மிதக்கின்றன. 2011 ஜூன் 30ஆம் நாளுடன் இரயில் வருகை நின்றுபோன தஞ்சோங் பகார் நிலையமும் அதே கடலோரத்தில் உள்ளது.

இவர்கள் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் அழகாகவே அமைகின்றன. அவற்றின் தொழில்நுட்பத்தைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. எழுகின்ற வினா அந்த அழகின் பிறப்பைப் பற்றியது. ஒருவருடைய பிழைப்பு முடிந்த இடத்தில் மற்றொருவருடைய சுவை தொடங்குவது முறையாகுமா? முறையே எனக் கொண்டாலும், சுவைக்கின்றவர் உழைத்தவருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறாரா? கலை ஆர்வத்தைப் பற்றிய சிறு வினாவாக இது தோன்றலாம். ஆயினும் கடந்த காலத்தோடு ஒரு சமூகம் எத்தகைய உறவு கொள்ள வேண்டும் என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

இத்தகைய படங்களுக்கு இடப்படும் தலைப்புகளில் ‘கைவிடப்பட்ட’ என்னும் சொல் அடிக்கடி வருகிறது. கைவிடப்பட்ட படகு, கைவிடப்பட்ட ஆலை, கைவிடப்பட்ட நிலையம் என்று அடுக்கிக்கொண்டே போவர். இலக்கணம் பயிற்றும் ஆசிரியர் இச்சொல்லைக் கண்டவுடன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். இது செயப்பாட்டு வினை. அப்படியானால் விட்ட கை யாருடையது? செய்வினை வாக்கியம் செய்தவரை எழுவாயாக முன்னே கொணர்ந்து நிறுத்தும். செயப்பாட்டு வினையிலோ செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை நிறைவு செய்துவிடலாம். அறிவிப்புகளும் ஆணைகளும் இந்த வசதியை நன்கு அறிந்திருக்கின்றன. ‘தொங்கான் கைவிடப்பட்டது’ என்று எழுதினால், தொங்கான்காரர் ஒருநாள் சலிப்புற்று அதனைக் கரையில் விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார் என்பது போன்ற ஓர் எண்ணமே படிப்போர் மனத்தில் எழும். உண்மையில் நடந்தது வேறு.

பெரிய கப்பல்கள் இந்த ஆற்றுக்குள் நுழைய இயலா. அவை வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கைக் கொண்டு செல்வதற்குத் தொங்கான் என்றும் துவாக்கோ என்றும் வழங்கிய படகுகள் ஓடின. துவாக்கோவின் முகப்பில் இரு கண்கள் தீட்டப்பட்டிருக்கும். படகு தன் வழியைத் தானே காண வேண்டும் என்பது நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தொழிலில் முன்னின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களாகிய சூலியாக்கள். 1822ஆம் ஆண்டின் நகர அமைப்புத் திட்டத்தில் அவர்களுக்கென்று ஆற்றை ஒட்டித் தனிக் குடியிருப்பே குறிக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில் படிப்படியாகச் சீனரிடம், சிறப்பாக ஹொக்கியன், தியோச்சூ மக்களிடம் சென்று சேர்ந்தது. இன்று சூலியாக்களின் பெயர் ஆற்றுக்கு அருகில் ஒரு தெருப் பலகையில் மட்டும் நிற்கிறது. வங்கிகள் சூழ்ந்த அத்தெருவில் நடப்போரில் படகை நினைப்பவர் ஒருவர் இருந்தாலே வியப்புத்தான்.

படகிலிருந்து கரைக்கு அரிசியும் ரப்பரும் மிளகும் மனிதர் முதுகின்மீதே வந்தன. படகுக்கும் படித்துறைக்கும் இடையே ஒரு பலகை போடப்பட்டிருக்கும். கால் வைக்கும்போது அது வளையும். கூலியாள் அந்த வளைவோடு தன் நடையை இசைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குச்சி கையில் தரப்படும். மாலையில் அக்குச்சிகளை எண்ணிக் கூலி கணக்கிடுவர். மூட்டை சுமப்பதைக் காட்டும் பழைய படங்கள் நிறைய உள்ளன. பலகை வளையும்போது எழும் ஓசையையும், இறங்கிய பின் முதுகில் எஞ்சும் வலியையும் எந்தப் படமும் காட்டியதில்லை, காட்டவும் இயலாது.

இந்த வாழ்க்கை இரு திசைகளிலிருந்து முடிவுக்கு வந்தது. 1972 ஜூன் மாதம் தஞ்சோங் பகார் கொள்கலன் முனையத்துக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்து சேர்ந்தது. பாரந்தூக்கி ஒரே வீச்சில் கப்பலிலிருந்து பெட்டியை எடுத்துக் கரையில் வைத்துவிடும்போது இடையில் படகுக்கு என்ன வேலை? ஒரு முதுகு தாங்கிய மூட்டைக்குப் பதில் எந்த முதுகாலும் தாங்க முடியாத இரும்புப் பெட்டி வந்தது. உலகெங்கும் துறைமுகத் தொழிலாளர் கூட்டங்களைக் கலைத்தது அந்தப் பெட்டிதான். லண்டன் கப்பல்துறைகளும் அதன் முன் மூடிக்கொண்டன. மற்றொன்று தூய்மைப் பணி. 1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கக்கூடிய நிலை வரவேண்டும் என்று அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ கூறினார். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. ஏறக்குறைய 5,000 தெருவோர வணிகர்கள் உணவங்காடிகளுக்குச் சென்றனர். 1983இல் எண்ணூறு அளவிலான சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. ஆற்றில் படகு இல்லாத காலை ஒன்று முதன்முறையாக விடிந்தது. 1987இல் பணி நிறைவுற்றது.

ஆக, தொங்கானை விட்ட கைகள் பல. கப்பல் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் ஒரு கை இருந்தது. நகரத்தின் நலத்தை எண்ணிய திட்ட அறையில் ஒரு கை இருந்தது. தம் பிள்ளைகளையேனும் இத்தொழிலுக்கு அனுப்பக்கூடாது என்று எண்ணிய தந்தையரின் கையும் ஓரளவு இருந்திருக்கலாம். சுக்கான் பிடித்திருந்த கை மட்டும் தானாக விட்டதாகத் தெரியவில்லை.

ஆற்றைத் தூய்மை செய்தது தவறு என்று இதனால் கொள்ளலாகாது. கழிவும் எண்ணெயும் குப்பையும் மிதந்த அந்த நீரின் நாற்றத்தைக் குளிரூட்டிய அறையில் படத்தைப் பார்த்து ஏங்குவோர் அறியார். மலங்கழிக்க முறையான இடமின்றி நெருக்கமான குடில்களில் வாழ்ந்த மக்களுக்கு ஓடும் நீரும் மின்விளக்கும் கதவு தாழிட்ட கழிப்பறையும் கிடைத்தது ஒரு பெரும் நன்மை. புக்கிட் மேராவை ஒட்டிய புக்கிட் ஹோ சுவீயில் 1961 மே 25ஆம் நாள் பற்றிய தீ சில மணி நேரத்தில் ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியதை நினைத்தால், பழைய குடில்களின் அழகைப் பாடும் வாய் சற்றே தயங்க வேண்டும். புகைப்படத்துக்கு நாற்றம் இல்லை; வெப்பமும் இல்லை; கொசுக்கடியும் இல்லை. கடந்த காலத்தின் இன்னாதவற்றையெல்லாம் வடிகட்டிவிட்டு, ஒளியையும் நிழலையும் மட்டும் தருகின்ற கருவி அது. ஆகவே பழைய ஆற்றை எண்ணிப் பெருமூச்சு விடச் செய்யும் படம், மெய்யைக் காட்டிக்கொண்டே மெய்யல்லாத ஒன்றைச் சொல்லிவிடக் கூடும்.

இதற்கு நேர்மாறான ஒரு தவறும் உண்டு. அது பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. ‘முன்பு’ என்று ஒரு படத்தையும் ‘இப்போது’ என்று ஒரு படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுவது ஒரு வழக்கம். முன்னையதில் கறுத்த நீர், நெருங்கிக் கிடக்கும் படகுகள், அவற்றின்மேல் சட்டையற்ற மனிதர்கள். பின்னையதில் தெளிந்த நீர், மரநிழல், நடைபாதை. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும் மாணவனின் கண், அகற்றப்பட்ட அழுக்கின் கணக்கில் அந்த மனிதரையும் சேர்த்துவிடுகிறது. ஏக்கத்தோடு எடுக்கப்பட்ட படம் தொழிலாளரை அழகின் ஒரு துண்டாக்குகிறது. பெருமிதத்தோடு அடுக்கப்பட்ட படம் அவரை அழுக்கின் ஒரு துண்டாக்குகிறது. இரண்டிலும் அவர் இருக்கிறார். இரண்டிலும் அவரை ஒருவரும் காணவில்லை.

புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே இந்தக் காணாமைக்கு ஒரு முன்னோட்டம் இருந்தது. 1838 அளவில் பாரிஸ் நகரத்து வீதி ஒன்றைத் தகேர் தம் வீட்டுச் சன்னல் வழியே படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்த வீதி அது. ஆனால் தகட்டில் ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் பிடித்தமையால், அசைந்துகொண்டிருந்த யாவும் பதியாமல் மறைந்தன. ஓரிடத்தில் நின்று காலணிக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாக விழுந்தது. மெருகேற்றியவரின் உருவமோ மங்கலாகவே இருக்கிறது. அவர் கை ஓயாது அசைந்துகொண்டிருந்ததே அதற்குக் காரணம். இந்த முறையிலேயே 1844இல் பிரெஞ்சுக்காரரான ஜூல்ஸ் இத்தியே சிங்கப்பூருக்கு வந்து படங்கள் எடுத்தார். இத்தீவின் எஞ்சியுள்ள மிகப் பழைய புகைப்படங்கள் அவை. ஆற்றங்கரையும் அவற்றுள் அடங்கும். சூலியாப் படகோட்டிகள் ஆற்றில் நிறைந்திருந்த காலம் அது. கல்லும் சுவரும் கூரையும் அந்தத் தகட்டுக்கு உகந்தவை. துடுப்பு வலிக்கும் கை அதற்கு உகந்ததன்று. எவர் மீதும் வெறுப்பின்றி, வெறும் வேதியியல் விதியின்படியே, உழைப்பவர் படத்திலிருந்து நழுவினர்.

இன்றைய கருவி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் படமெடுக்க வல்லது. பறக்கும் கொக்கின் சிறகையும் அது நிறுத்திவிடும். எனினும் பழமையைத் தேடுவோர் பலர் என்ன செய்கிறார்கள்? துப்புரவுப் பணியாளர் கடந்து செல்லும்வரை பொறுத்திருக்கிறார்கள். காவலரைச் சற்று விலகி நிற்கச் சொல்கிறார்கள். மனிதர் இல்லாத சட்டகம்தான் ‘தூய’ சட்டகம் என்று அவர்களுக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். தமிழகத்துத் தனுஷ்கோடிக்குச் செல்வோரிடமும் இதனைக் காணலாம். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தாக்கிய புயலில் சிதைந்த தேவாலயமும் இரயில் நிலையமும் ஆயிரக்கணக்கான படங்களில் பதிந்துள்ளன. அதே மணலில் வலை உலர்த்தி, கிளிஞ்சல் விற்று, இன்றும் பிழைத்து வரும் மீனவக் குடும்பங்கள் அப்படங்களின் ஓரத்தில் வெட்டுண்டு போகின்றன. அன்று வேதியியல் செய்ததை இன்று விருப்பம் செய்கிறது.

கண் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்றும் கேட்க வேண்டும். ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட தம் பெருநூலில் சுத்தியலைப் பற்றிப் பேசுகிறார். ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது சுத்தியலை எவரும் பார்ப்பதில்லை. அது உடைந்தாலோ காணாமற்போனாலோதான் அதன் இருப்பு கண்ணில் உறுத்துகிறது என்பது அவர் கருத்து. செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் திறக்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான் என்பது ஒரு தற்செயல். ஆனால் அந்த நிலையத்தின் வரலாறு அக்கருத்துக்கு நல்ல சான்று. நிலக்கரி எரித்து நகருக்கு ஒளி தந்த காலத்தில் அதனை அழகென்று எவரும் கொண்டாடவில்லை. விளக்கு அணைந்தபோது மட்டும் அதனை நினைத்தனர். மின் உற்பத்தி நின்று, கிட்டங்கியாகி, பின்னர்க் கேளிக்கை விடுதியாகி, 2009இல் தேசிய நினைவுச்சின்னமான பிறகு கண்கள் அதன்பால் திரும்பின. தஞ்சோங் பகார் இரயில் நிலையத்திலும் இதே கதைதான். அது 1932இலிருந்து அங்கு இருந்தது. 2011இல் கடைசி வண்டி புறப்படப் போகிறது என்றதும் தண்டவாளத்தின் இருமருங்கும் கருவி ஏந்திய கூட்டம் திரண்டது. முந்திய பல்லாண்டுகளில் அந்த மேடைக்குப் பயணச்சீட்டு வாங்கியவரைத் தவிர வந்தவர் சிலரே. பயன்படும்வரை பொருள் கண்ணுக்கு மறைவாக இருக்கும் என்பது உண்மையானால், தாமதம் மன்னிக்கத்தக்கதே. சுத்தியலைப் பற்றி அது சரி. சுத்தியல் பிடித்த மனிதரும் அவ்வாறே மறைந்திருந்தார் என்றால், அதனை இயற்கை விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எல்லாப் புகைப்படக் கலைஞரும் தாமதமாக வந்தவரல்லர். சிங்கப்பூரின் யிப் சியோங் ஃபன் கடலையும் படகையும் அவை உயிரோடு இயங்கிய நாளிலேயே நாடிச் சென்றவர். ‘விடியலில் படகு வலித்தல்’ எனப் பொருள்படும் பெயருடைய அவரது 1957ஆம் ஆண்டுப் படம் இன்றும் பேசப்படுகிறது. 1984இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. அவரும் அழகையே தேடினார். ஆனால் அவர் தேடிய அழகுக்கு மனிதர் விலகி நிற்க வேண்டியிருக்கவில்லை. வேலை நடக்கும்போதே அதனைக் காண முடிந்த கண் அவருடையது. அத்தகைய கண் அரிது. அரிதென்பதால் மற்றவர் முயலாதிருப்பதற்குக் காரணமாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கலைஞர் வரலாற்றாசிரியர் அல்லர். அவர் கடமை அழகாகக் காட்டுவதோடு முடிந்தது. மேலும், அவர் எடுத்திராவிடில் அந்தப் பொருள் சுவடின்றியே அழிந்திருக்கும். எனவே நன்றிக்குரியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. இம்மறுப்பில் பெரும் பகுதி உண்மை. புகைப்படக்காரர் படகை உடைத்தவர் அல்லர். உடைந்ததை எடுத்துப் போற்றியவர். அவர் மீது சுமத்தத்தக்கது குற்றமன்று, கடன். இரண்டும் வேறு. குற்றம் செய்தவர் தண்டனை பெறுவார். கடன் பெற்றவர் திருப்பித் தருவார். பிறருடைய உழைப்பின் தழும்பிலிருந்து ஒளியைப் பெற்றுக்கொண்டவர், திருப்பித் தரக்கூடியது ஏதேனும் இருக்கிறதா என்று பார்ப்பதே பொருத்தம்.

தமிழர் மரபில் இதற்கு ஒரு விடை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இறந்தவரை நினைவுகூர நடுகல் நாட்டும் வழக்கம் அது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட அந்தவன் என்பவரின் பெயரைத் தமிழியில் தாங்கி நிற்கிறது. கல்லில் வேலைப்பாடு ஒன்றுமில்லை. யார், எங்கே, எதில் என்னும் மூன்று செய்திகள் மட்டும் உள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனின் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல் சொல்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரார் தம் நாயின் பெயரைக் கூட விடாமல் வெட்டினர். சரக்குப் படகில் ஆயுள் முழுவதும் கழித்த ஒருவரின் படத்துக்கு அடியில் ‘படகோட்டி, சிங்கப்பூர் ஆறு’ என்று மட்டும் எழுதிவிட்டு அமைதி கொள்வது எவ்வாறு என்பது விளங்கவில்லை.

இன்று ஆற்றங்கரையில் வெண்கலச் சிலைகள் பல வைக்கப்பட்டுள்ளன. நீரில் குதிக்கும் சிறுவர்கள், வணிகர், மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும் சீனக் கூலியும் இந்தியக் கூலியும் அவற்றில் காட்சியளிக்கின்றனர். உழைப்பை மறக்கவில்லை என்று காட்ட முன்வந்தது பாராட்டத்தக்கது. எனினும் அச்சிலைகள் வகையைக் காட்டுகின்றன, ஆளைக் காட்டவில்லை. சுற்றுலா வந்தோர் அந்த வெண்கலக் கூலியின் தோளில் கை போட்டுப் படமெடுத்துக்கொள்கின்றனர். மெய்யான கூலியாளின் தோளில் கை போட அந்நாளில் எவரும் விரும்பியிருக்க மாட்டார்.

எச்சம் என்னும் சொல்லை இங்கே எண்ணிப் பார்ப்பது பயன் தரும். எஞ்சி நிற்பது எச்சம். ஒருவரது தகுதியை அவர் விட்டுச் செல்லும் எச்சத்தைக் கொண்டு அறியலாம் என்று வள்ளுவர் கருதினார். இலக்கணத்திலோ எச்சம் என்பது முற்றுப் பெறாத வினை. ‘ஓட்டிய’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். படகா, தொங்கானா, ஓட்டிய ஆளா? ஒரு பெயர் வந்து சேரும்வரை பெயரெச்சம் அந்தரத்தில் நிற்கும். வகுப்பறையில் இதனை விதியாக மனப்பாடம் செய்த மாணவன், துருப்பிடித்த நங்கூரத்தின் படத்தைப் பார்க்கும்போதும் அதே காத்திருப்பை உணர்ந்தால், அவன் இலக்கணத்தை உண்மையில் கற்றவன். பழைய தொழிற்சாலைச் சுவரின் படமும் ‘உழைத்த’ என்று கூறி நின்றுவிட்ட ஒரு சொல்தான்.

அந்தப் பெயரைத் தேடுவது அத்துணைக் கடினமும் அன்று. சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தோற்றுவிக்கப்பட்டது. ஆறு காலியாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் சிலர் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு முதியோரிடம் சென்று கேட்கத் தொடங்கினர் என்பது இந்த நகரத்துக்குப் பெருமை சேர்ப்பது. ஆற்றின் சமூக வரலாற்றை எழுதிய ஸ்டீபன் டாப்ஸ் போன்றோர் படகுக்காரரின் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டனர். புகைப்படக்காரரிடம் எதிர்பார்க்கப்படுவது ஒரு நூல் அன்று. படத்தின் அடியில் இரண்டு வரி. இது எந்த வேலைக்கான இடம், அவ்வேலையைச் செய்தோர் எங்கிருந்து வந்தனர், எந்த ஆண்டில், எதனால் நின்றது. பெயர் தெரிந்தால் பெயர். தெரியாதபோது, தேடியும் கிடைக்கவில்லை என்ற ஒரு சொல்லாவது நேர்மையானது. இத்தனையும் எழுதினால் படத்தின் கவர்ச்சி குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. குறைகின்ற கவர்ச்சி எத்தகையது என்று அவர்களே ஆராய்ந்து கொள்ளட்டும்.

புக்கிட் மேரா என்றால் செம்மலை. அந்தச் செம்மைக்கு மலாய் மக்கள் ஒரு கதை சொல்வர். வாள்மீன்கள் கரையோர மக்களைத் தாக்கியபோது, வாழைத்தண்டுகளை வேலியாக நட்டால் மீன்களின் மூக்கு அவற்றில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை கூறினான். ஊர் பிழைத்தது. இத்துணை அறிவுள்ள சிறுவன் வளர்ந்தால் ஆட்சிக்கு ஆபத்து என்று அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான். அவன் குருதி வழிந்து குன்று சிவந்தது. கதையில் மெய் எவ்வளவோ தெரியாது. ஊரைக் காத்தவனை ஊர் என்ன செய்தது என்பதை நிலத்தின் நிறத்திலேயே எழுதி வைத்துக்கொண்ட மக்களின் மனச்சான்று மட்டும் அதில் தெரிகிறது. அந்தக் குன்றின் பெரும்பகுதியும் பின்னர் வீடமைப்புக்காகச் சமன் செய்யப்பட்டது.

இப்பகுதியில் இன்று எவரும் படமெடுக்க முடியாத தொழிலெச்சம் ஒன்று உண்டு. அலெக்சாண்டிரா செங்கல் ஆலை இங்கே பல்லாண்டுகள் இயங்கியது. இந்நகரத்தின் சுவர்கள் எழுவதற்கு வேண்டிய செங்கல் அங்கே சுடப்பட்டது. சூளைகளில் வேலை செய்தவருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் இருந்தனர். ஆலை வளாகத்தில் 1913 அளவில் அவர்கள் காளியம்மனுக்கு ஒரு சிறு கோவில் அமைத்துக்கொண்டனர். பின்னர் ஆலை மூடப்பட்டு, நிலமும் வேறு பணிகளுக்குச் சென்றபோது சூளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. துருவேறிய இயந்திரமோ சாய்ந்த புகைபோக்கியோ படமெடுப்போருக்காக அங்கே எஞ்சவில்லை. தொழிலாளரும் அவர் வழிவந்தோரும் அம்மனை மட்டும் விட்டுவிடவில்லை. 1983ஆம் ஆண்டு, ஆற்றிலிருந்து படகுகள் வெளியேறிய அதே ஆண்டில், டெப்போ சாலையில் ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம் புதிதாக எழுந்து குடமுழுக்குக் கண்டது.

சிதைவின் அழகைத் தேடி வருவோருக்கு அந்த ஆலயத்தில் எடுப்பதற்கு ஏதுமில்லை. கோபுரத்தின் வண்ணம் புதிது; தரை துடைக்கப்பட்டிருக்கிறது; விளக்கு எரிகிறது. கண்ணுக்குத் தெரியும் பழமை எதுவும் அங்கு இல்லை. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கு வந்து செல்லும் முதியோருள், சூளையில் மண் பிசைந்தவரின் பெயரைச் சொல்லக்கூடியவர் ஒருவரேனும் இருக்கக்கூடும். மின்நிலையத்தின் செங்கல் முகப்பை மாலை வெயிலில் எடுத்து முடித்த புகைப்படக்காரர், கருவியை உறையிலிட்டுக்கொண்டு அங்கே செல்லலாம். பூசை முடியும்வரை வாயிலில் காத்திருக்கலாம்.